சுவரில் வரைந்த தலையணை

கொல்லாமாவிளை ரத்தினம் உறங்காத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது அவருடைய வீட்டுக் கட்டில்தான். பஸ்ஸில் உறங்குவார். முடிவெட்டுகிற கடையில் கழுத்தில் துணியைக் கட்டின உடனே உறங்குவார். துஷ்டி வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் சவப்பெட்டியைத் தூக்குகிறவரை உறங்குவார். கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்குக் காத்து நிற்கும்போது தூணில் சாய்ந்து நின்றபடியே உறங்கி, மூன்றாம் பந்தியும் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். கட்டிலில் படுத்தால் மட்டும் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, மேலே எத்தனை ஓடு மாற்றவேண்டும் என்று எண்ணிக்கொண்டு கிடப்பார்.

காரணம் கீரிப்பாறை. அரசு ரப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருசம் வேலை பார்த்தவர். வெயில் ஏறுமுன் பால் வெட்டவேண்டும் என்பதால் கோழி எழும்புவதற்கு முன்னால் எழும்பி எஸ்டேட் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். உட்கார இடம் கிடைக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே உறங்கப் பழகினார். வளைவில் பஸ் எந்தப் பக்கம் சாயும் என்று அவருடைய உடம்புக்குத் தெரியும், முழிக்கவேண்டியதில்லை.

கடைசிப் பத்து வருசம் மேஸ்திரியாக இருந்தார். காலையில் ஆள் பேர் வாசிப்பது அவர் வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனாலும் அவர் நோட்டைப் பிடித்து நின்று பேரைச் சொன்னால் மலை திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு பேருக்கும் மரங்களுக்குள்ளிருந்து "உண்டு" என்று ஒரு குரல் வரும். நூற்றிநாற்பது பேர், நூற்றிநாற்பது "உண்டு". 2011இல் ஓய்வு பெற்று வந்தபிறகு அவர் வாசித்து யாரும் "உண்டு" சொல்லவில்லை. வீட்டில் பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்துப் பார்த்தார். மனைவி நேசம்மாள், "கறிக்கு அரைக்கட்டா, இல்ல இதக் கேட்டுக்கிட்டு இருக்கட்டா?" என்று கேட்டபின் அதையும் விட்டுவிட்டார்.

அதன்பிறகு காலை ஒன்பது மணிக்குப் பேப்பரை வாங்கிக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் இருக்கிற பஸ் நிறுத்தத்துக்குப் போய் பெஞ்சில் உட்காருவார். முதல் பக்கம் வாசிப்பார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் உறங்கிவிடுவார். பேப்பர் மட்டும் கையைவிட்டு விழாது. முப்பத்திரண்டு வருசம் பஸ் கம்பி பிடித்த கை.

இப்படி ஒரு மனுசனுக்கு வைராக்கியம் வரும் என்று யார் நினைத்தார்கள்? வந்தது. கொண்டுவந்தவர் செல்வதாஸ்.

செல்வதாஸ் அந்நியர் இல்லை. ரத்தினத்தின் அம்மையும் செல்வதாசின் அம்மையும் கூடப்பிறந்த அக்காள் தங்கை. இரண்டு பேரும் ஒரே வருசம் ஒரே வீட்டிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். செல்வதாசுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற தொழில். கொல்லாமாவிளையில் ஒருவன் கல்யாணம் கழித்தாலும் செத்தாலும் செல்வதாசைக் கேட்காமல் நடக்காது. அந்தப் பலத்தில் மூன்று தேர்தலாக அவர்தான் ஊர் சர்ச்சில் சபைச் செயலர்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் சபை நாள் ஆராதனையில், பிரசங்கம் முடிந்ததும், ஆலயம் கட்டக் கல்லும் மரமும் சுமந்தவர்களுடைய பேரைப் பழைய பதிவேட்டிலிருந்து செயலர் எழும்பி நின்று வாசிப்பது வழக்கம். மணிக்கூண்டுக்குத் தேக்குச் சுமந்த வகையில் ரத்தினத்தின் அப்பா மாசிலாமணி நாலாம் தாளில் இருக்கிறார். ஜல்லி உடைத்த வகையில் செல்வதாசின் அப்பா அருமைநாயகம் ஐந்தாம் தாளில் இருக்கிறார். 2013ஆம் வருசம் செல்வதாஸ் வாசித்தபோது, ஈரக்காற்றில் ஒட்டிக்கிடந்த இரண்டு தாளை ஒன்றாகப் புரட்டிவிட்டார். நாலாம் தாள் முழுதும் போயிற்று. ஏழு பேர் போனார்கள்.

மற்ற ஆறு குடும்பமும் கவனிக்கவே இல்லை. ரத்தினம் மட்டும் ஆலய முற்றத்தில் செல்வதாசை மறித்தார்.

"ஓய், எனக்க அப்பாவுக்க பேர நீரு வாசிக்கல்ல."

"வாசிச்சேன்வே."

"இல்ல. வாசிக்கல்ல."

"நீரு அப்பம் ஒறங்கிக்கிட்டுல்லா இருந்தீரு? நான் வாசிக்கல்லேன்னு உமக்கு எப்பிடித் தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ரத்தினம் உறங்கத்தான் செய்தார். நேசம்மாள் சொல்லித்தான் அவருக்கே தெரியும். அதை அங்கே சொல்ல முடியுமா? நேரே வீட்டுக்கு வந்தார். வந்து சொன்னார்: "அடுத்த தேர்தல்ல நான் நிக்கப்போறேன். அந்த எடத்துல நின்னு அப்பாவுக்க பேர நானே வாசிப்பேன்."

நேசம்மாள் பருப்பு கிண்டிக்கொண்டிருந்தாள். "செயலருக்க நாற்காலி எங்க கெடக்குன்னு ஒரு நாளாவது கண்ணத் தொறந்து பாத்திருக்கியளா?" என்று மட்டும் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

2014 மே மாதம் தேர்தல். ஏப்ரலில் வந்தது வினை, சுவர் வழியாக.

பஸ் நிறுத்தத்தின் பின்சுவரில் மெத்தைக் கடை விளம்பரம் எழுதத் தோவாளையிலிருந்து தாணுலிங்கம் என்று ஒரு ஓவியர் வந்தார். கோலப்பன் மெத்தைகள், தலை வைத்தால் போதும். இதுதான் வாசகம். வாசகத்துக்குக் கீழே, மேலே நின்று பார்ப்பதுபோல ஒரு இரட்டைக் கட்டில், பூப்போட்ட விரிப்பு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலையணை. தாணுலிங்கத்துக்கு முட்டுவலி. நிற்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலையணைகளை வரைந்தார். ஆகவே இரண்டும், உட்கார்ந்திருக்கிறவன் தலை சாய்த்தால் எங்கே முட்டுமோ அங்கே அமைந்துவிட்டன.

ஒரு தலையணை ரத்தினத்துக்கு ஆயிற்று. இன்னொன்று ஞானாபரணத்துக்கு. எழுபத்தெட்டு வயது, மரக்கடை வைத்து நன்றாக வாழ்ந்தவர், மூன்று மகன், ஒரு மகள். அந்த மகளைத்தான் செல்வதாஸ் கட்டியிருக்கிறார். மருமகன் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்புவார், விலக்கில் ரத்தினத்தைக் கண்டு பக்கத்தில் உட்காருவார், அதோடு சரி. மருமகன் வீடு அடுத்த நாளைக்கு.

ரத்தினத்தின் தங்கை மகன் லிஜோ துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். எதிரே பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். மாமா ஒரு தலையணையில். கையில் விரித்த பேப்பர், போர்வை மாதிரி நெஞ்சுவரை. கிழவர் மற்றத் தலையணையில். வாய் திறந்து, ஒரு கையை ரத்தினத்தின் தோளில் போட்டபடி. இரட்டைக் கட்டிலில் இரண்டு பேரும் சுகமாகப் படுத்திருப்பதுபோலவே இருந்தது. ஒரு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு மிச்சச் சாற்றைக் குடித்தான்.

சாயங்காலத்துக்குள் படம் அவன் கையைவிட்டுப் போய்விட்டது. 'கடைக்கே போகவேண்டாம், சுவர் போதும்' என்று ஒருவன் எழுதினான். 'இந்தியாவில் அதிகம் வாசிக்கப்படும் பேப்பர்' என்று இன்னொருவன். ஒரு பிள்ளை அதில் கொசுவலை வரைந்து சேர்த்திருந்தது. யாரோ வெள்ளைக்காரன் இரண்டு பேருக்கும் காலையில் காப்பி கொடுக்கச் சொல்லியிருந்தான். நாலாம் நாள் லிஜோவுக்கே துபாயிலிருந்து கூட்டாளி ஒருவன் அந்தப் படத்தை அனுப்பி, 'உன் ஊர்ப் பக்கமா?' என்று கேட்டான்.

நேசம்மாள் கைப்பேசியைக் கொண்டுவந்து புருசனுடைய மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"நான் ஒறங்கல்ல," என்றார் ரத்தினம். "வாசிச்ச சங்கதிய கண்ண மூடி யோசிச்சேன்."

"பேப்பரு தலகீழா இருக்கே. எந்தச் சங்கதிய வாசிச்சிய?"

அவர் கைப்பேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பினால் பேப்பர் நேராயிற்று, அவர் தலைகீழாகப் போனார்.

அவருக்குத்தான் வெட்கம். ஞானாபரணத்துக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. பம்பாயிலிருந்து பேத்தி கூப்பிட்டு, "தாத்தா, நீங்க ஃபேமஸ் ஆயிட்டிய," என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தபால்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, படத்தைப் பெரிசாகப் போட்டு லேமினேட் செய்து, தன்னுடைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். வருகிறவர்களிடம் எல்லாம், "பல்லப் பாருங்க. எழுவத்தெட்டுல ஒண்ணும் வைப்புப் பல்லு இல்ல. எல்லாம் எனக்கது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது விலக்கில் ஒரு ஃப்ளெக்ஸ் எழும்பியது. லாரி அளவு. 'சபையே, விழித்தெழு! உறங்குகிறவருக்கா உன் ஓட்டு?' என்று சிவப்பு எழுத்து. நடுவில் அந்தப் படம். கீழே வட்ட வட்டமாக செல்வதாசின் ஆட்கள்: தம்பிமார், மைத்துனன்மார், பந்தல் கட்டுகிற இரண்டு பேர், கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு வயதுப் பேரன்.

இந்தப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் என்பது சாதாரணக் காரியம் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால்கூட அச்சகத்தானைத் திட்டிவிட்டுச் சமாதானம் ஆவார்கள். ஃப்ளெக்ஸில் படம் விட்டுப்போனால் சமாதானம் இல்லை. செல்வதாசின் சித்தப்பா பெண்டாட்டி, தன்னுடைய மூத்த பேத்தி கல்யாணத்தில் தன் படத்தைக் காணாமல், பந்தியில் விரித்த இலையை அப்படியே மடக்கி வைத்துவிட்டு எழும்பிப் போனவள். அவள் சாகிறவரை அந்த வாசல் மிதிக்கவில்லை. செல்வதாசுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு தப்புச் செய்தார். மாமனாரைக் கேலிப் பொருள் ஆக்கக்கூடாது என்ற மரியாதையில், ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்காரனிடம் சொல்லி ஞானாபரணத்தைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார். கீழே வட்டத்தில் போட்டால் ஊர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் என்று அங்கேயும் போடவில்லை. வெட்டுகிறவன் கிழவரை வெட்டினான். தோளில் கிடந்த கையை வெட்டினால் ரத்தினத்துக்குத் தோள் இருக்காது. அதனால் கையை விட்டுவிட்டான்.

காலையில் ரத்தினம் பேப்பரோடு வந்தவர் அதைப் பார்த்தார். ஊர் முழுதும் போகிற வழி. லாரி அளவில் தன்னுடைய உறங்குகிற மூஞ்சி. அப்பாவுடைய பேர் இனி எந்த ஜென்மத்திலும் வாசிக்கப்படாது என்று தோன்றிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அந்தப் பெஞ்சில் முதல் தடவையாக உறக்கம் வரவில்லை.

ஒன்பதரைக்கு ஞானாபரணம் வந்தார். ஃப்ளெக்ஸின் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். கிட்டப்போய், தன்னுடைய கைக்கடிகாரத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அந்நேரம் செல்வதாஸ் பைக்கில் வந்து இறங்கினார், கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க.

"மருமவனே, இஞ்ச வாரும்."

"மாமா, வெயில்ல என்னத்துக்கு நிக்கிய?"

"இந்தக் கை ஆருக்க கை?"

"எந்தக் கை மாமா?"

"ரத்தினத்துக்க தோள்ல ஆளில்லாம ஒண்ணு கெடக்கே, அது. வாச்சு கெட்டியிருக்கு பாரும். உமக்கு எனக்க மவளக் கெட்டித் தரச்சில நான் வாங்கின வாச்சு."

செல்வதாஸ் குரலைத் தாழ்த்தினார். "மாமா, உங்களுக்க மானத்துக்காவத்தான் வெட்டச் சொன்னேன். நாலு பேரு சிரிப்பாவ."

"மானமா? கை மட்டும் வேணும், தல வேண்டாம், அதுதான் உமக்க மானமா? கீழ இருக்க வட்டத்துல கூலிங் கிளாசு போட்டு அந்தப் பொடியன் நிக்கான். பந்தலுக்குக் குழி தோண்டுதவன் நிக்கான். எனக்க படம் எங்க ஓய்?"

"மாமா, உங்க படத்தப் போட்டா, ஒறங்கினது நீங்கன்னு…"

"ஒலகம் முழுக்கப் பாத்தாச்சி! துபாயில பாத்தாச்சி, பம்பாயில பாத்தாச்சி, வெள்ளக்காரன் எனக்குக் காப்பி குடுக்கச் சொல்லியாச்சி. உமக்க போர்டுல மட்டும் நான் செத்தவனா?"

பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். கிழவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "கொஞ்சம் நீங்கும்வே," என்று ரத்தினத்தைத் தள்ளி, தன் தலையணையில் சரியாகத் தலையை வைத்து, கையைத் தூக்கி ரத்தினத்தின் தோளில் போட்டார். "பாக்கட்டும். முழுசாப் பாக்கட்டும்," என்று சொல்லிக் கண்ணை மூடினார். இரண்டு நிமிடத்தில் உண்மையாகவே உறங்கிவிட்டார்.

ரத்தினம் அசையாமல் இருந்தார். பேப்பருக்குப் பின்னால் அவருக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. ஞானாபரணத்தின் குடும்பத்தில் ஓட்டு பதினொன்று.

செல்வதாஸ் சும்மா இருந்திருக்கலாம். இரண்டே நாளில் வேறொரு ஃப்ளெக்ஸ் வைத்தார்: நடுவில் மாமனார் மட்டும். வீட்டில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்து, 'நல்ல மரியாதையா, பூவெல்லாம் போட்டுச் செய்' என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரனிடம் பூப்போட்ட அச்சு ஒன்றுதான் இருந்தது. விடிந்ததும் முதலில் பார்த்த மனுசன் சைக்கிளை நிறுத்தித் தலையில் கட்டின துண்டை அவிழ்த்தான். எட்டு மணிக்குள் மூன்று பேர் ஞானாபரணத்தின் வீட்டுக்கு மாலையோடு வந்துவிட்டார்கள். அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கூப்பிட்டவர்களில் ஒருவர், நாற்காலிக்குச் சொல்லியாயிற்றா என்று செல்வதாசிடமே விசாரித்தார். மாலையை எல்லாம் வாங்கி வைத்தது ஞானாபரணம்தான்.

தேர்தலில் வித்தியாசம் ஒன்பது ஓட்டு. ரத்தினம் செயலர் ஆனார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப்பேர் ஞானாபரணத்துக்காகப் போட்டார்கள். மிச்சப்பேர், உறங்குகிறவனைக் கேலி செய்தது தங்களையே சொன்னதுபோல இருந்தது என்று போட்டார்கள். ரத்தினத்துக்காகப் போட்டது நேசம்மாள் ஒருத்தி. அதையும் அவள் உறுதியாகச் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி, முன்னே போய், செயலர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் நேசம்மாள் கேட்ட கேள்விக்கு அர்த்தம் விளங்கியது. பலிபீடத்துக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்துத் திரும்பிக் கிடக்கிறது அந்த நாற்காலி. சாய சுவர் இல்லை. பிடிக்கக் கம்பி இல்லை. முந்நூறு கண் நேரே பார்க்கிறது. மூன்றாம் வரிசை ஓரத்தில் செல்வதாஸ், புதிதாக வாங்கின பெரிய கைப்பேசியை முழங்காலில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, காத்திருந்தார்.

பிரசங்கம் தொடங்கி ஏழாம் நிமிடம் ஞானாபரணம் சாய்ந்தார். பத்தாம் நிமிடம் பாடகர் குழுவில் ஆண்கள் பக்கம் முழுதும் சாய்ந்தது. பிறகு விசிறி ஆடிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. முப்பது வருசம் தான் ஒருவன் மட்டும் செய்வதாக நினைத்திருந்த காரியத்தை ஊரே சேர்ந்து செய்வதை ரத்தினம் அங்கிருந்துதான் பார்த்தார். பொறாமையாக இருந்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். செல்வதாஸ் கண்ணை எடுக்கவில்லை. அவரும் தொடையைத்தான் கிள்ளிக்கொண்டிருந்தார்.

ஜூன், ஜூலை, ஆகஸ்டு, எல்லா ஞாயிறும் இப்படியே. போதகருக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் கைகுலுக்கும்போது ஒரு நாள் மனமுருகிச் சொன்னார்: "இந்தச் சபையில் என் பிரசங்கத்தை இமை கொட்டாமல் கேட்கிறவர்கள் இரண்டு பேர். இந்நாள் செயலரும் முன்னாள் செயலரும்."

செப்டம்பரில் சபை நாள் வந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் எடுத்துக்கொண்டார். அவர் ஆமென் சொன்னபோது திருப்பிச் சொன்னவை ஏழெட்டுக் குரல்தான். ரத்தினம் பதிவேட்டோடு எழும்பினார். முதல் தாள், இரண்டாம் தாள், மூன்றாம் தாள். விரலை நாக்கில் தொட்டு, ஒட்டிக்கிடந்த நாலாம் தாளைத் தோல் உரிப்பதுபோலப் பிரித்தார். கீரிப்பாறைக் குரலை எடுத்தார்.

"தேக்கு மரம் சுமந்த மாசிலாமணி!"

சுவரில் மோதித் திரும்பி வந்தது. ரத்தினம் நிறுத்தினார். பழைய பழக்கம், "உண்டு" என்று ஒரு குரல் வருமா என்று காது தானாக நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கண் கலங்கி எழுத்து தெரியவில்லை. தாளைப் புரட்டி மிச்சத்தை வாசித்து முடித்தார்.

முற்றத்தில் செல்வதாஸ் மறித்தார்.

"ஓய், எனக்க அப்பாவுக்க பேர நீரு வாசிக்கல்ல."

"வாசிச்சேன்வே."

"இல்ல. அஞ்சாம் தாளு. ஜல்லி ஒடச்ச அருமைநாயகம். ரெண்டு தாள ஒண்ணாப் பெரட்டினீரு. நான் கண்ண மூடல்ல, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

தாள் ஒட்டியதா, விரல் வேண்டுமென்று ஒட்ட விட்டதா, ரத்தினத்துக்கே தெரியவில்லை. கூட்டத்தில் நேசம்மாளைத் தேடிப் பிடித்தார்.

"ஏட்டி, நீ சொல்லு. நான் எல்லாப் பேரும் வாசிச்சேனா இல்லியா?"

"பின்ன? ஒண்ணு விடாம வாசிச்சியளே. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சி," என்றாள் நேசம்மாள்.

அவளுடைய இடது கன்னத்தில், பாட்டுப் புத்தகத்தின் அட்டை மூலை நல்ல ஆழமாகப் பதிந்திருந்தது. அதை இரண்டு பேரும் பார்த்தார்கள். செல்வதாஸ் கைப்பேசியை எடுத்தார்.